தாசு இன்னும் வெள்ளத்தில் கிடக்கிறான்

மணவாளக்குறிச்சி
2.2.2024

அன்புள்ள செல்வதாஸ் தம்பிக்கு,

உங்களோடு கப்பலில் இருந்த மத்தியாஸின் மனைவி செசிலி எழுதுகிறேன். பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை ஒன்றில் இருந்த விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். நீங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறீர்களா, நல்ல சுகமாக இருக்கிறீர்களா, ஒன்றும் தெரியாது. இது கையில் கிடைத்தால், இத்தனை வருடம் கழித்து இவள் எதற்கு எழுதுகிறாள் என்று நினைக்காமல் வாசியுங்கள்.

உங்கள் அண்ணனுக்கு இரண்டு வருடமாக ஞாபகம் சரியில்லை. நாகர்கோவில் டாக்டர் நோயின் பெயரைச் சொல்லி மாத்திரை தந்தார். குணமாகும் என்று மட்டும் சொல்லவில்லை. சில நாள் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க யாரு வீட்டுக்கு வந்தீங்க?" என்பார். "இந்த வீட்டுக்குத்தான்" என்பேன். "இரிங்க, செசிலி இப்ப வந்திருவா" என்பார். அதுகூட எனக்குப் பழகிவிட்டது.

ஆனால் குடியரசு தினத்தன்று நடந்தது வேறு. வருடாவருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் அவரைக் கூப்பிட்டுக் கொடியேற்றச் சொல்வார்கள். இந்த வருடம் பொன்னாடையும் போர்த்தினார்கள். பதக்கத்தோடு அரசாங்கம் கொடுத்த தாளில் உள்ளதைத் தலைமையாசிரியர் வாசித்தார். எரிகிற கப்பலில் இருந்து தப்பி மிதவையில் ஏறிய பிறகும் திரும்பத் திரும்பக் கடலில் குதித்துத் தோழர்களைக் காப்பாற்றிய வீரர் என்று. பிள்ளைகள் கை தட்டினார்கள். இவர் எழுந்துபோய் மைக்கைப் பிடித்தார்.

"நிறுத்துங்கலே! எதுக்குக் கை தட்டுதீங்க? தாசு இன்னும் கடல் வெள்ளத்துல கெடக்கான். அவன எடுக்காம எனக்கு எதுக்கு இந்தத் துணி?"

அப்படியே மேடையை விட்டு இறங்கிக் கடற்கரைக்கு நடந்துவிட்டார். வலை பின்னிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஜினோ பார்த்ததால் பிழைத்தார். முட்டளவு தண்ணீரில் போய்ப் பிடித்துக் கூட்டி வந்தான். அன்று முதல் தினமும் போகப் பார்க்கிறார். கதவைப் பூட்டினால் கதவை உடைக்க வருகிறார்.

ஊரிலும் பேச்சாகிவிட்டது. அப்போ அந்தப் பதக்கக் கதை பொய்யா என்று ஒருத்தி என்னிடமே கேட்டாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே அந்தப் பதக்கம் பெட்டிக்குள் இருந்தது. யுத்தத்தைப் பற்றிக் கேட்காதே என்றார், நான் கேட்கவில்லை. வாழ்த்து அட்டை வரும்போது மட்டும், "கப்பல்ல கூட இருந்த பய" என்று சொல்வார்.

தாசு என்பது நீங்களா? இல்லை, அந்தப் பெயரில் வேறொரு பையன் இருந்து கடலோடு போய்விட்டானா? தாளில் உள்ளது நிஜமா, இவர் சொல்வது நிஜமா? என் போன் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன்.

உங்கள் வீட்டார் எல்லாரையும் மாதா காக்கட்டும்.

செசிலி


குழித்துறை
9.2.2024

அன்புள்ள செசிலி மைனிக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க ஒன்றும் ஓடவில்லை. இருக்கிறேன் மைனி. அதே வீடு. மின்வாரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. போனில் பேசலாம் என்றால் எனக்குக் காது கேட்காது. இடது காது அந்த வெடியோடு போனது, வலதும் இப்போது மங்கிவிட்டது. என் மனைவி ஞானபாய் உங்களைக் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றாள். இதை இன்னொருவர் வாய் வழியாகச் சொல்ல முடியாது என்று நான்தான் தடுத்தேன்.

எங்கள் கப்பலில் தாசு ஒருவன்தான். அது நான்தான்.

எங்களுடையது சின்னக் கப்பல், கடலில் கண்ணிவெடி தேடி அகற்றுகிற வேலை. எழுபத்தொன்று டிசம்பர். வங்கக் கடலில் ஒரு காலை, கையில் சாயா டம்ளரோடு நின்றேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, தண்ணீருக்குள் இருக்கிறேன், மேலே எண்ணெய் எரிகிறது. நான் இந்தக் குழித்துறை ஆற்றில் நீந்திப் பழகியவன். ஆற்றில் எப்படியும் ஒரு கரை தெரியும். அங்கே எந்தப் பக்கம் போவது என்றே தெரியவில்லை. கைகள் இரண்டும் வெந்துவிட்டன. அம்மா அம்மா என்று கத்தி அழுதேன்.

அண்ணன் ஏற்கனவே மிதவையில் இருந்தார். குதித்து வந்து ஒருவரைக் கொண்டுபோய் ஏற்றினார். மறுபடி வந்து இன்னொருவரை. மூன்றாவதாக என்னிடம் வந்தபோது மிதவையைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விட்டது. என்னை விட்டுவிட்டுத் தனியாக நீந்தியிருந்தால் அவர் எட்டிப் பிடித்திருப்பார். என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே மிதந்தார். உச்சி வெயில், பிறகு சாயும் வெயில். நான் கண்ணை மூடினால் கன்னத்தில் அறைவார். "எலே தாசு, ஒனக்க அப்பன் பேரு என்ன? சொல்லு." யேசுவடியான் என்பேன். "கேக்கல, உரக்கச் சொல்லு." அப்பாவின் பெயரை அன்று நான் எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது.

வேறொரு கப்பலில் இருந்து படகுகள் வந்தபோது அண்ணனுக்கு நினைவில்லை. அவரை ஒரு படகில் ஏற்றினார்கள், என்னை இன்னொன்றில். ஆஸ்பத்திரியும் வேறு வேறு. கண் விழித்ததும் தாசு எங்கே என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. சில நாள் கழித்து என்னை அவருடைய வார்டுக்கு மாற்றினார்கள். என்னைப் பார்த்ததும் அவர் செய்ததை நான் எழுத மாட்டேன். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி இருந்தோம்.

எனக்குத் தோன்றுவது இதுதான் மைனி. அண்ணனுடைய நினைப்பு இப்போது அந்தச் சில நாட்களுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. தாளில் உள்ளது நிஜம். அவர் சொல்வதும் அவருக்கு அன்று நிஜமாகத்தான் இருந்தது.

நான் உயிரோடு இருக்கிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
செல்வதாஸ்


மணவாளக்குறிச்சி
15.2.2024

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் நான் தனியாக வாசித்தேன். பிறகு பக்கத்து வீட்டார் எல்லாம் கூடுகிற எங்கள் அன்பியக் கூட்டத்தில், ஜெபம் முடிந்ததும், எல்லாரையும் உட்காரச் சொல்லி உரக்க வாசித்தேன். பதக்கக் கதை பொய்யா என்று கேட்டவளும் இருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். அதில் எனக்குக் கொஞ்சம் திருப்திதான், தவறு என்றால் ஆண்டவர் மன்னிக்கட்டும்.

ஐம்பது வருடமாக அவரோடு வாழ்ந்தவளுக்கு இதெல்லாம் தபாலில் வரவேண்டியிருக்கிறது. அவர் நல்லவர் என்று தெரியும். இவ்வளவு பெரிய ஆள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மீன் குழம்பில் உப்பு குறைந்ததற்கெல்லாம் அவரோடு சண்டை போட்டிருக்க மாட்டேனோ என்னவோ.

அவருக்கும் வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டார். முடிந்ததும், "நல்லா எழுதியிருக்கான். யாரு எழுதினது?" என்றார். தாசு என்றேன். என்னைக் கோபமாகப் பார்த்தார். "வெள்ளத்துல கெடக்கவன் எப்படி எழுதுவான்? எல்லாரும் சேந்து என்ன ஏமாத்துதீங்க."

நேற்று சாம்பல் புதன், தவசு காலம் தொடங்குகிற நாள். நெற்றியில் சாம்பலோடு கோவிலில் இருந்து வந்து, நான் கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் ஆளைக் காணவில்லை. ஜினோ நெஞ்சளவு தண்ணீரில் போய் இழுத்தான். அலை புரட்டியதில் முழங்கை கிழிந்திருக்கிறது. ஜினோ தினமும் கரையில் இருக்க மாட்டான், மீன் தொழிலுக்குப் போகிறவன்.

மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிற எங்கள் மகள் லிஜி ஈஸ்டருக்கு வருகிறாள். அப்பாவை நாகர்கோவிலில் ஒரு முதியோர் ஹோமில் விடலாம் என்கிறாள். அவள் சொல்வதில் தப்பு இல்லை. ஆனால் அங்கே போனால் அவர் பிழைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். இங்கே இருந்தால் கடல். நான் எதைச் செய்யட்டும்?

ஒரு முறை நேரில் வாருங்கள் தம்பி. உங்கள் முகத்தைப் பார்த்தால் போதும்.

செசிலி


குழித்துறை
19.2.2024

அன்புள்ள மைனிக்கு,

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டதற்கு உண்மையைத்தான் சொல்ல வேண்டும். கப்பல் வேலையை விட்டு வந்த நாளில் இருந்து நான் கடலைப் பார்த்ததில்லை. இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு கடலைப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். பேரப்பிள்ளைகள் கன்னியாகுமரிக்குக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்பேன். அண்ணனைப் பார்க்க வராததும் அதனால்தான். அவர் முகத்தை நினைத்தாலே வாயில் எண்ணெய் கரிக்கும். உயிர் கொடுத்தவர் முகம் அப்படி இருக்கலாமா? எனக்கே என்னைப் புரிந்ததில்லை.

முதலில் வர முடியாது என்றுதான் எழுதினேன். ஞானபாய் அதை வாசித்துவிட்டுக் கிழித்துப்போட்டாள். "கடல் ஒங்கள வீட்டுக்குள்ள வந்தா கடிக்கும்? கண்ண மூடிட்டு பஸ்ஸுல இரிங்க" என்றாள்.

சனிக்கிழமை காலையில் வருகிறேன். என் வீட்டில் மட்டி வாழைக் குலை ஒன்று பழுத்து நிற்கிறது. கொண்டு வருகிறேன்.

செல்வதாஸ்


மணவாளக்குறிச்சி
26.2.2024

அன்புள்ள தம்பிக்கு,

நான் என்ன குற்றம் செய்தேன்? சாயா போட்டு எடுத்து வருவதற்குள் நீங்கள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டீர்கள். பின்னால் கூப்பிட்டேன். உங்களுக்குக் கேட்கவில்லையா, கேட்காதது போலப் போனீர்களா? நெய்மீன் வாங்கி வைத்திருந்தேன். அத்தனை வருடம் கழித்து வந்தவர் ஒரு வாய் வெள்ளம் குடிக்காமல் போய்விட்டார் என்று அன்று முழுக்க எனக்கு ஆறவில்லை.

அவர் ஏதாவது கெட்ட வார்த்தை சொன்னாரா? சொல்லியிருந்தால் அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். அது அவர் இல்லை, நோய்தான்.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. நீங்கள் போன பிறகு அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். "யாரு வந்தது தெரியுமா? தாசுக்க அப்பன் வந்திட்டுப் போனாரு. தங்கமான மனுசன்" என்றார். யார் அப்பா என்று கேட்டால் சிரிக்கிறார். அன்றும் கடலுக்குப் போகவில்லை, நேற்றும் போகவில்லை. கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். இவர் போகாமல் இருப்பது எனக்கு இப்போது வேறொரு பயமாக இருக்கிறது.

அந்த நேரத்தில் என்ன நடந்தது? தயவு செய்து எழுதுங்கள்.

செசிலி


குழித்துறை
1.3.2024

அன்புள்ள மைனிக்கு,

என்னை மன்னியுங்கள். நீங்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை, அண்ணனும் செய்யவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நீங்கள் அடுக்களைக்குப் போனதும் அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். எனக்குக் கேட்கும்படி கிட்டத்தில். "அண்ணே, நான் தாசு" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்தது. அடையாளம் தெரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

"தாசுக்க அப்பனா? அதே மொகம்" என்றார். சடாரென்று எழுந்து சல்யூட் வைத்தார்.

அவர் தேடுகிறவன் பத்தொன்பது வயதுப் பையன் மைனி. வழுக்கைத் தலையும் மூக்குக் கண்ணாடியுமாக வந்த என்னை எப்படித் தெரியும்? இல்லை அண்ணே, நான்தான், பாருங்கள் என்று இரண்டு கைத் தழும்பையும் காட்டினேன். அதை மெதுவாகத் தடவினார். "ஒங்களுக்கும் எங்கயோ வெந்திருக்கு" என்றார். பிறகு என் கையை விடாமலே அழுதார்.

"ஒங்க பயல நான் கொண்டு வரல. காலரத்தான் பிடிச்சிருந்தேன். கண்ணு தொறந்து பாக்கேன், கையில ஒண்ணும் இல்ல. ஒங்களுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?"

எத்தனை முறை நான்தான் தாசு என்று சொன்னாலும் அந்த அழுகைக்குள் அது போகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் யோசித்துச் செய்யவில்லை. என் வாயில் வந்தது.

"யேசுவடியான் சொல்லுதேன், கேளுங்க. பயல் வீட்டுக்கு வந்திட்டான்."

அவர் அழுகை நின்றது. "எப்ப?"

"நேத்து."

"யாரு எடுத்தா?"

"நீங்கதான் எடுத்தீங்க. நீங்க பிடிச்ச பிடியிலதான் வந்து சேந்தான்."

"சோறு தின்னானா?"

"வயிறு நெறையத் தின்னான். இப்ப ஒறங்குதான்."

"ஒறங்கட்டும். எழுப்பாதீங்க" என்றார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் இருந்து ஏதோ இறங்கிப் போனதை நான் பார்த்தேன்.

அப்போதுதான் நீங்கள் உள்ளே இருந்து "செல்வதாஸ் தம்பி, சீனி போடலாமா?" என்று உரக்கக் கூப்பிட்டது எனக்கு லேசாகக் கேட்டது. இன்னொரு முறை அந்தப் பெயர் அவர் காதில் விழுந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று பயந்து எழுந்து ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். கடல் அங்கே இருந்தும் தெரிந்தது. பார்த்தேனா இல்லையா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

என் அப்பா அண்ணனைப் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்து, எழுபத்திரண்டு மழைக்காலத்தில் இறந்துபோனார். சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தது யார் என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது மைனி.

செல்வதாஸ்


மணவாளக்குறிச்சி
8.3.2024

அன்புள்ள தம்பிக்கு,

வாசித்துவிட்டு நான் ஜெபமாலையை எடுத்தேன், பாதியில் வைத்துவிட்டேன். எதற்காக வேண்டுவது என்று தெரியவில்லை. கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோது சாமியாரிடம் கேட்டேன். இது பொய்யா சாமி என்றேன். "பையன் வீட்டுக்கு வந்தது உண்மைதானே அம்மா?" என்றார். உண்மைதான். பிறகு ஏன் எனக்கு உறுத்துகிறது?

ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. என் பெயரை அவர் ஒரு நாள் சொல்கிறார், நாலு நாள் மறக்கிறார். பார்க்காத உங்கள் அப்பாவுக்குப் பெயர் இருக்கிறது, முகம் இருக்கிறது. நான் இந்த வீட்டில் யாரோ ஒரு அம்மா. இப்படிப்பட்டவர் மேல் கோபப்படவும் முடியவில்லை, பெருமைப்பட்டுக்கொண்டே இருக்கவும் முடியவில்லை.

இன்னொன்று. இப்போது கடலுக்குப் போவதில்லை, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். "தாசுக்க அப்பன் கடுதாசி போட்டாரா? பயலுக்கு எப்படி இருக்கு? மறுபடியும் கப்பலுக்கு விட்டுரப் போறாரு, விட வேண்டாம்னு சொல்லணும்" என்று தினமும் கேட்கிறார். நான் என்ன சொல்லட்டும்? நீங்களே எழுதுங்கள். என்ன எழுதுவது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

செசிலி


குழித்துறை
14.3.2024

அன்புள்ள மைனிக்கு,

இதோடு உள்ள தாளை அண்ணனுக்கு வாசித்துக் காட்டுங்கள். மூன்று நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். நடக்காத ஒன்றையும் இதில் நான் எழுதவில்லை. நடந்த வருடம்தான் வேறு.

உங்களுக்கு உறுத்துவது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் "செசிலி இப்ப வந்திருவா" என்று அவர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். காத்திருக்கிறவர் மறந்தவர் இல்லை என்று ஞானபாய் சொல்கிறாள்.

செல்வதாஸ்


குழித்துறை

அன்புள்ள மத்தியாஸுக்கு, யேசுவடியான் எழுதுவது.

பயல் சுகமாக இருக்கிறான். கைப்புண் ஆறிவிட்டது. ஒரு காது மட்டும் கேட்காது, அதனால் நாங்கள் எல்லாரும் சத்தமாகப் பேசப் பழகிவிட்டோம். கப்பலுக்கு இனி அவனை விட மாட்டேன். மின்வாரியத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கம்பத்தில் ஏறுகிற வேலை இல்லை, உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். பயப்பட வேண்டாம்.

அவனுக்கு ஒரு பெண் பார்த்திருக்கிறோம். பெயர் ஞானபாய். கொஞ்சம் வாய் அதிகம், ஆனால் இவனுக்கு அப்படி ஒருத்திதான் வேண்டும். பிள்ளைகள் பிறப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பிறப்பார்கள். இவர்கள் எல்லாரும் நீங்கள் அந்தக் கடலில் இருந்து தூக்கிக்கொண்டு வந்தவர்கள்.

ஒரு அப்பன் இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் முன்னால் நின்றபோதும் தெரியவில்லை. நீங்கள் இனி அவனைத் தேட வேண்டாம். வீட்டில்தான் இருக்கிறான்.

தாசுக்க அப்பன்,
யேசுவடியான்


மணவாளக்குறிச்சி
2.4.2024

அன்புள்ள தம்பிக்கு,

உயிர்ப்பு விழா சந்தோஷமாக முடிந்தது. லிஜி வந்திருக்கிறாள். உங்கள் தாளை அவள்தான் தினமும் ஒருமுறை அப்பாவுக்கு வாசிக்கிறாள். முதல் தடவை பாதியில் நிறுத்தி வெளியே போய்விட்டாள். ஹோம் பேச்சை இன்னும் எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள் என்று நான் சொல்ல முடியாது. மே மாதம் அவள் திரும்பிப் போன பிறகு என்ன ஆகும் என்று தெரியாது.

முதல் நாள் கேட்டு முடித்ததும் அவர் கேட்ட கேள்வியைச் சொல்கிறேன். "தவசு காலத்துல எப்படிக் கல்யாணம் வைப்பாங்க? ஈஸ்டர் கழியட்டும், நாம போணும்" என்றார். மறந்துவிடுவார் என்று விட்டுவிட்டேன். மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து கோவிலை விட்டு இறங்கும்போதே, "செசிலி, தாசுக்கக் கல்யாணம் என்னைக்கு?" என்றார். என் பெயரைச் சொல்லித்தான் கேட்டார் தம்பி. அந்தப் படியிலேயே நின்றுவிட்டேன்.

அதனால் நான் ஒரு முடிவு செய்துவிட்டேன். சரியா தப்பா என்று யாரிடமும் கேட்கப்போவதில்லை. வருகிற சனிக்கிழமை காலையில் நாங்கள் காரில் குழித்துறைக்கு வருகிறோம். நான், அவர், லிஜி, பிடித்துக்கொள்ள ஜினோ. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை தேய்த்து வைத்தாயிற்று. பதக்கத்தைக் குத்திவிடட்டுமா என்று லிஜி கேட்டாள். "கல்யாண வீட்டுக்கு அது எதுக்கு?" என்று சொல்லிவிட்டார்.

உங்களை அவர் அப்பா என்று நினைப்பாரா, மாப்பிள்ளை என்று நினைப்பாரா, யாரோ என்று நினைப்பாரா, எனக்குத் தெரியாது. நீங்களும் எதையும் யோசித்து வைக்காதீர்கள். உங்கள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வரச் சொல்லுங்கள். வீட்டில் கொஞ்சம் ஆள் சத்தம் இருக்கட்டும்.

ஞானபாயிடம் இலை போட்டுச் சோறு விளம்பச் சொல்லுங்கள். அவருக்குப் பாயசம் கொஞ்சமாகப் போதும், சர்க்கரை இருக்கிறது.

அன்புடன்,
செசிலி